ஒற்றுமை ஆறு சதவீதம்

மூன்றாவது வாய்ப்பு, இதுவே கடைசி என்று திரையில் சிவப்பாக எழுதியிருந்தது. அதற்குக் கீழே அந்த அணில். மூக்குக்கண்ணாடி மாட்டி, கையில் ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு, மூன்று நொடிக்கு ஒருமுறை வாலை ஆட்டி, 'உங்கள் வேகத்தில் கற்கலாம்' என்று சிரிக்கிற அணில். அதன் வாலைப் பிடித்துத் தூக்கி ஜன்னலுக்கு வெளியே எறியலாம் போலிருந்தது காந்திமதிக்கு. உங்கள் வேகமாம். இந்த வீட்டில் எது அவள் வேகத்தில் நடந்திருக்கிறது, பால்காரன் வேகம், தண்ணீர் வருகிற வேகம், அவருடைய ஆபீஸ் வேகம், மகள் பிரசவத்துக்கு வந்து போன வேகம். மணி மூன்று ஐந்து. நான்கு மணிக்குள் கல்லூரி நூலகத்தின் இந்த இணையப் பாடத்தை முடித்தால்தான் ஹால் டிக்கெட் திறக்கும். திறந்தால்தான் திங்கட்கிழமை பரீட்சை. பரீட்சை எழுதினால்தான், இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் கல்யாணப் பத்திரிகை அடித்த கையோடு பாதியில் விட்ட பி.ஏ., நாற்பத்தெட்டு வயதில், மாலை வகுப்பில், ஆன்ட்டி ஆன்ட்டி என்று கூப்பிடுகிற பிள்ளைகளுக்கு நடுவே முக்கால் கிணறு தாண்டியிருக்கிற பி.ஏ., ஒருவழியாகக் கரை ஏறும். இல்லையென்றால் இன்னும் ஒரு வருஷம். இன்னும் ஒரு வருஷம் என்பது இந்த வீட்டு அகராதியில் இனி வேண்டாம் என்பதற்கு நாகரிகமான பேர். அடுப்படியில் கிரைண்டர் சுற்றிக்கொண்டிருந்தது. உளுந்து போட்டு இருபது நிமிஷம். இன்னும் பத்து நிமிஷத்தில் எடுக்காவிட்டால் சூடேறி, நாளைக்கு இட்லி கல்லாக வரும். வரட்டும். ஐந்து கிளைகள் இந்தப் பாடத்தில், பாடத்துக்குக் கிளை என்று பேர் வைத்திருக்கிறார்கள், அணில் தாவுவதற்கு. தேடுவது எப்படி, எதை நம்புவது, யார் சொன்னது, எப்போது சொன்னது, ஏன் சொன்னது. நான்கு கிளையிலும் அவள் நூற்றுக்கு நூறு. ஐந்தாவது கிளையில் மாட்டிக்கொண்டாள். 'உங்களுக்கு வந்த ஒரு தகவலை எப்படிச் சோதித்தீர்கள்? சொந்த அனுபவத்தை, சொந்தச் சொற்களில், எண்பது சொற்களுக்குக் குறையாமல் எழுதுக.'

முதல் வாய்ப்பில் இங்கிலீஷில் எழுதினாள். சும்மா எழுதவில்லை, பாடத்திலேயே மாதிரி விடை என்று ஒன்று கொடுத்திருந்தார்களே, ஒரு மாணவிக்கு உதவித்தொகை என்று மெசேஜ் வருகிறது, அவள் உடனே நம்பாமல் அந்தத் துறையின் இணையதளத்துக்குப் போய்ப் பார்க்கிறாள், அதை இரண்டே தடவை படித்தாள், லேப்டாப்பை மூடினாள், கண்ணை மூடி ஒருமுறை சொல்லிப் பார்த்தாள், கமா உட்பட அப்படியே வந்தது. அந்த மூளை இன்னும் துருப்பிடிக்கவில்லை என்று ஒரு சந்தோஷம்கூட. அனுப்பினாள். வட்டம் சுற்றியது. ஒற்றுமை 94 சதவீதம். ஒற்றுமை நல்லதென்றுதானே அம்பது வருஷமாக எல்லா மேடையிலும் பேசுகிறார்கள் என்று நினைத்துத் தொண்ணூற்று நாலு மார்க் வாங்கியதுபோல ஒரு நிமிஷம் பூரித்துப் போனாள், அப்புறம்தான் கீழே சிவப்பு எழுத்து, 'இவை உங்கள் சொற்கள் அல்ல.' இரண்டாவது வாய்ப்பில், அந்த மாதிரி விடைக்குப் பக்கத்திலேயே இருந்த தமிழ் வடிவத்தை எடுத்து, பயன்படுத்து வருகிற இடத்தில் உபயோகி, உடனே வருகிற இடத்தில் உடனடியாக. 71. அப்போதுதான் நூலகத்துக்கு போன் போட்டாள். ஷைனி எடுத்தாள், நூலகர், முப்பது வயசுகூட இருக்காது, நாகர்கோவில் பக்கத்துப் பெண். காந்திமதி அவளை மிஸ் என்றுதான் கூப்பிடுவாள், கான்வென்டில் படிந்த நாக்கு, மேஜைக்கு அந்தப் பக்கம் யார் உட்கார்ந்திருந்தாலும் மிஸ்தான். "அக்கா, நீங்க காப்பி அடிச்சதாட்டு காட்டுது." "காப்பியா? மிஸ், நான் பார்த்தே எழுதல. மூடி வச்சிட்டு மனப்பாடமா எழுதினேன்." "அதையும் மெஷின் காப்பின்னுதான்க்கா சொல்லும்." எப்படிச் சொல்லும், எப்படிச் சொல்லலாம், பார்த்து எழுதினால் காப்பி, பார்க்காமல் எழுதினால் படிப்பு, அதுதானே கணக்கு. மண்டைக்குள் போய்விட்ட பிறகு அது என்னுடையது இல்லையா. சிஸ்டர் பெர்னார்டின் நாலாம் வகுப்பில் கரும்பலகையில் எழுதிப் போடுவார்கள், என் செல்லப் பிராணி, எங்கள் வீட்டில் ஒரு நாய் உண்டு, அதன் பெயர் டாமி, அது வெள்ளை நிறம். நாற்பது பிள்ளைகள் வீட்டிலும் டாமி. வெள்ளை. காந்திமதி வீட்டில் நாயே கிடையாது, ஒரு கிழட்டு ஆடு நின்றது, அம்மா வாங்கி வந்தது, பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அவள் பாவாடையைத் தின்னும். ஒரே ஒருமுறை அந்த ஆட்டை எழுதிவிட்டாள். சிஸ்டர் கையை நீட்டச் சொல்லவில்லை, அடிக்கவில்லை, நோட்டை மட்டும் திருப்பி அவள் கையில் கொடுத்து, போர்டில் என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். அவ்வளவுதான். அதற்கப்புறம் இந்த வயதுவரை அவள் ஆட்டை எழுதியதே இல்லை. "சும்மா எங்கிட்ட பேசுத மாதிரி எழுதுங்கக்கா. ஏதாவது ஒரு மெசேஜ் வந்திருக்கும்லா உங்களுக்கு. வாட்சப்ல எவ்வளவு வருது." வந்திருக்கும்லா. அந்த ஒரு சொல்லோடு காந்திமதி போனை வைத்துவிட்டாள். வந்திருக்கும்லா.

வந்தது. அதுதான் வேண்டாம் என்று மூன்று நாளாக இந்தப் பாடத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறாள். முதல் கிளையிலேயே, தேடல் சொற்களைப் பயிற்சி செய்யுங்கள், உங்களுக்கு விருப்பமான ஒன்றைத் தேடுங்கள் என்று அணில் ஒரு வெற்றுப் பெட்டியைக் காட்டியபோது, விரல் தானாகப் 'பஞ்சு மிட்டாய்' என்று அடித்தது, பக்கத்தில் 'பாளையங்கோட்டை' என்று அடித்தது, பிறகு ஒவ்வோர் எழுத்தாக அழித்து 'தாமிரபரணி' என்று போட்டது. அருமை, நல்ல தேடல் சொல் என்றது அணில். அதற்கென்ன தெரியும். வேறு எதையாவது எழுதலாம். மஞ்சள் தண்ணீர் குடித்தால் சர்க்கரை போகும் என்று நாத்தனார் அனுப்பினாளே, அதை எழுதலாம், டாக்டரிடம் கேட்டேன் என்று எழுதலாம், கேட்கவில்லை, கேட்டேன் என்று எழுதலாம், யார் வந்து பார்க்கப் போகிறார்கள். 'எனக்கு ஒரு தகவல் வந்தது. நான் அதை உடனே நம்பவில்லை' என்று அடித்தாள். அடித்ததும் தெரிந்தது, இது டாமி. வெள்ளை நிறம். அழித்தாள். மூன்று பதினெட்டு. கிரைண்டர் இரைச்சலில் ஒரு தட்டல் கலந்து வந்தது, கல் எங்கோ இடிக்கிறது, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு டக், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு டக், அந்தப் பஞ்சு மிட்டாய்க்காரன் மணியும் இப்படித்தான், வேகமே இல்லாமல், மூன்றரை மணிக்குப் பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் தெரு முக்கில் திரும்பும்போது டிங், பத்து அடி நடந்து டிங். தோளில் ஒரு நீளக் கம்பு, கம்பு முழுக்க ரோஸ் பொட்டலம், தூரத்திலிருந்து பார்த்தால் மரம் ஒன்று பூத்து நடந்து வருகிற மாதிரி. எந்த ஊர்க்காரனோ, வடக்கே. தமிழில் அவனுக்கு மூன்றே சொல், அக்கா, ஒண்ணு, நல்லாருக்கு. அக்கா நல்லாருக்கு என்பான், அவளைச் சொல்கிறானா மிட்டாயைச் சொல்கிறானா என்று மகள் சிரிப்பாள். இருபது வயசுக் கழுதை, பஞ்சு மிட்டாய் கேட்டு வாசலுக்கு ஓடுவாள். வாங்கிக் கொடுத்தது இவள்தான். பொட்டலத்தை நீட்டும்போது அவன் விரல்நுனி ரோஸாக இருக்கும், கழுவினாலும் போகாத ரோஸ்.

மூன்று வருஷம் முன்னால், ஒரு புதன்கிழமை, நாத்தனார் அனுப்பினாள். பிள்ள புடிகிரவன் வந்துருகான் உசார் என்று, ஒற்று இல்லை, புள்ளி இல்லை, நான்கு வரியில் ஒன்பது பிழை, கூடவே ஒரு படம், கலங்கலாக, தோளில் கம்போடு ஓர் ஆள். எந்த ஊர் என்று இல்லை, என்றைக்கு என்று இல்லை. காந்திமதிக்கு வந்த கோபம் முழுக்க அந்தப் பிழைகள் மேல். தாமரை நகர் குடும்பம் என்று தெருவுக்கே ஒரு குழு, நூற்றி எண்பது பேர், அதில் இதை இப்படியே போட்டால் நம் குடும்பத்தைப் பற்றி என்ன நினைப்பார்கள். உட்கார்ந்து திருத்தினாள். ஒற்றுப் போட்டாள். ஊர் இல்லாத இடத்தில் 'நம் பகுதியில்' என்று எழுதினாள், அப்போதுதான் வாக்கியம் நிற்கிறது. நாள் இல்லாத இடத்தில் 'கடந்த இரண்டு நாட்களாக' என்று. ஆதாரம் என்று ஒன்று வேண்டுமே என்று 'நம்பகமான வட்டாரத் தகவல்.' முடிவு மொட்டையாக இருந்தது, சிஸ்டர் சொல்வார்கள், கட்டுரைக்குக் கடைசி வரி கதவு மாதிரி, சாத்துகிற சத்தம் கேட்க வேண்டும் என்று. யோசித்தாள். கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே யோசித்தாள். வந்தது. 'கதவைத் தாளிடுங்கள், கருணையைப் பிறகு காட்டலாம்.' எங்கேயும் படிக்காத வரி. யாரும் போர்டில் எழுதிப் போடாத வரி. அவளுக்கே மேல் புல்லரித்தது. அனுப்பினாள். கைதட்டுகிற கை, கும்பிடுகிற கை, வரிசையாக வந்து விழுந்தன, ஆசிரியர் வீட்டு அம்மா 'அருமையான எச்சரிக்கை' என்று எழுதினாள், அதை அன்று மத்தியானம் மூன்று தடவை எடுத்துப் பார்த்தாள். சாயங்காலம் அவர் ஆபீஸ் விட்டு வந்தார், மின்வாரியத்தில் கணக்கர், சங்கரசுப்பு, செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னார். "மூணாவது தெருவுல அந்தப் பஞ்சுமிட்டாய்க்காரனப் போட்டு அடிச்சுட்டானுவ. பிள்ள பிடிக்கவன்னு. காதுல ரத்தம். போலீஸ் வந்து கூட்டிட்டுப் போச்சு, பாவம் ஒண்ணுந் தெரியாதவன்." காந்திமதி சாம்பாரைக் கிண்டினாள். "எவனோ மெசேஜ் போட்டிருக்கான். எனக்கும் ஆபீஸ் குரூப்புல வந்துது. படிச்சவன்போல, நல்லா எழுதியிருக்கான்." கிண்டினாள். உப்பு போட்டோமா என்று நினைத்தாள். மறுபடியும் போட்டாள். அன்று சாம்பார் வாயில் வைக்க முடியவில்லை, அவர் மோர் விட்டுச் சாப்பிட்டார். எல்லாருக்கும் நீக்கு என்பதை அழுத்திப் பார்த்தாள், நேரம் கடந்துவிட்டது என்றது. காலையில் மூன்றாவது தெரு வழியாகக் காய்கறிக்குப் போனபோது சாக்கடை ஓரத்தில் ரோஸாக ஒரு திட்டு, மிதிபட்டு மண்ணோடு மண்ணாக, அதைச் சுற்றி எறும்பு, அத்தனை எறும்பை அவள் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. மழை வருகிறவரை பதினோரு நாள் அந்தத் தெருவைத் தவிர்த்துச் சுற்றிப் போனாள். அவன் பிறகு வரவில்லை. எங்கே போனான், ஊருக்குப் போனானா, காது கேட்கிறதா, தெரியாது. தெரிந்துகொள்ள ஒரு பெட்டியும் இரண்டு சொல்லும் போதும் என்று முந்தாநாள் ஓர் அணில் வந்து சொல்லிக்கொடுத்தது.

"காந்தி, அந்த அணில் இன்னும் ஒன்ன விடலியா?" கூடத்திலிருந்து அவர் குரல். சனிக்கிழமை, பேப்பரை மூன்றாவது தடவை படிக்கிறார். "எண்பது வார்த்தைதான? நீ என்ன ஒருநாள் ஏசுனாலே எண்ணூறு வருமே." மூன்று முப்பத்தாறு. எழுதினால் ஷைனி படிப்பாள். ஷைனி படித்தால் துறைத்தலைவிக்குத் தெரியும், ஆன்ட்டி ஆன்ட்டி என்கிற பிள்ளைகளுக்குத் தெரியும், தெருவுக்கு வரும், தாமரை நகர் குடும்பத்துக்கு வரும், அன்றைக்குக் கைதட்டிய அத்தனை கையும் திரும்பும். எழுதாவிட்டால் டாமி. டாமிக்கு 94. வேறு ஒன்றும் இல்லையா என்னிடம், நாற்பத்தெட்டு வயதில், சொந்தமாக, யாரும் சொல்லிக்கொடுக்காமல், தலையைக் குலுக்கினால் விழுவதெல்லாம் சிஸ்டர் சொன்னது, மாமியார் சொன்னது, அவர் சொன்னது, சமையல் வீடியோ சொன்னது, மஞ்சள் தண்ணீர், இதெல்லாம் போக நானாகச் செய்தது என்று ஒன்று உண்டா என்றால் உண்டு, ஒன்றே ஒன்று உண்டு, அதுதான் இது. எழுந்து தண்ணீர் குடிக்கலாம், குடித்தால் மறுபடி உட்கார மாட்டாள், அது அவளுக்குத் தெரியும். விரல் ஆரம்பித்தது. எழுதும்போது ஒற்று சரியா என்று அவள் பார்க்கவில்லை, வாழ்நாளில் முதல் தடவை.

'எனக்கு ஒரு தகவல் வந்தது. நான் அதைச் சோதிக்கவில்லை. அதற்குப் பதில் அதன் தமிழைத் திருத்தினேன். பிள்ளை பிடிக்கிறவன் என்று போட்டிருந்தது. யார் சொன்னது, எப்போது, எங்கே என்று ஒன்றும் இல்லை. இல்லாத இடத்தை எல்லாம் நான் நிரப்பினேன். கடைசியில் கதவைத் தாளிடுங்கள், கருணையைப் பிறகு காட்டலாம் என்று ஒரு வரியும் சேர்த்தேன். நன்றாக வந்திருந்தது. எங்கள் தெருக் குழுவில் நூற்றி எண்பது பேருக்கு அதை அனுப்பினேன், பலரும் கைதட்டினார்கள். அன்று சாயங்காலம் எங்கள் பக்கத்தில் பஞ்சு மிட்டாய் விற்கிறவரை அடித்தார்கள். அவரிடம் நான் வாங்கியிருக்கிறேன். அவர் பெயர் தெரியாது. இப்போது எங்கே என்று தெரியாது. இந்தப் பாடத்தில் ஒருமுறை தேடப் போய் அழித்துவிட்டேன். பிழை இல்லாமல் இருந்ததால் எல்லாரும் நம்பினார்கள். பிழை இல்லாமல் ஆக்கியது நான்.'

சொல் எண்ணிக்கை எண்பத்து மூன்று என்று ஓரத்தில் காட்டியது. மூன்று ஐம்பத்திரண்டு. அனுப்பு என்ற பொத்தானின் மேல் விரல் நின்றது. இப்போது கரண்டு போனால் நன்றாயிருக்கும், மின்வாரியக் கணக்கர் வீட்டில் என்றைக்காவது நல்ல நேரத்தில் கரண்டு போயிருக்கிறதா. அழுத்தினாள். வட்டம் சுற்றியது. கிரைண்டர் சுற்றியது. டக். டக். வட்டம் நின்றது. ஒற்றுமை 6 சதவீதம். தேர்ச்சி. அணில் குதித்தது, தலைக்கு மேல் வண்ணக் காகிதம் சிதறியது, 'பிரமாதம்! இவை உங்கள் சொந்தச் சொற்கள்!' என்றது. ஹால் டிக்கெட் என்ற கட்டம் சாம்பலிலிருந்து பச்சைக்கு மாறியது. அவள் அதைத் தொடவில்லை. ஆறு. ஏன் ஆறு. எங்கிருந்து எடுத்தேன், ஒன்றுமே எடுக்கவில்லையே, இதில் யாருடையது எது. கான்வென்ட் மூளை, ஆறு மார்க் எங்கே போனதென்று கேட்காமல் விடாது. விவரம் பார்க்க என்பதை அழுத்தினாள். அவள் எழுதியது முழுக்க வெள்ளையாகக் கிடந்தது. நடுவில் ஒரே ஒரு வரிக்கு மட்டும் சிவப்பு. கதவைத் தாளிடுங்கள், கருணையைப் பிறகு காட்டலாம். 'இந்தச் சொற்கள் வேறோர் இடத்தில் உள்ளன. மூலத்தைக் குறிப்பிடவும்.' கீழே நீலத்தில் ஒரு முகவரி.

அழுத்தினாள். எந்த ஊரோ, அவள் போயே இராத ஒரு மாவட்டத்துச் செய்திப் பக்கம். நான்கு நாளுக்கு முன்னால் போட்டது. 'நம் பகுதியில் கடந்த இரண்டு நாட்களாக.' அவளுடைய ஒற்று, அவளுடைய கமா, நம்பகமான வட்டாரத் தகவல், எல்லாம் அப்படியே, ஒரு புள்ளி குறையாமல். படம் மட்டும் வேறு. பலூன் விற்கிற ஒருவன், வயசானவன், கையில் பம்போடு கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறான். ஆயிரத்து நானூறு பேர் பகிர்ந்திருந்தார்கள். யாரோ ஒரு பெண் 'இது யார் எழுதியது?' என்று கேட்டிருந்தாள், அவளுக்கு ஒருத்தரும் பதில் சொல்லவில்லை. அதற்குக் கீழே, இருபது நிமிஷத்துக்கு முன்னால், ஒருவன்: 'இன்னைக்கு எங்க தெருவுக்கும் வந்தான். நாளைக்கு வரட்டும்.' நாளைக்கு வரட்டும். நாளை என்றால் ஞாயிறு, பிள்ளைகள் வீட்டில் இருக்கிற நாள், பலூன் விற்கிறவன் கட்டாயம் வருவான். மூன்றாவது கிளையில் படித்தது ஞாபகம் வந்தது, முதலில் சொன்னது யார் என்று கேளுங்கள். நூற்றுக்கு நூறு வாங்கிய கிளை. அந்தப் பெண் கேட்ட கேள்விக்குக் கீழே கர்சர் துடித்தது. 'இது பொய். இப்படி ஒரு ஆள் இல்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் இதை எழுதியது நான்' என்று அடித்தாள், பெயரையும் ஊரையும் அடித்தாள், போட்டாள். போட்ட உடனே இரண்டு பேர் சிரிக்கிற முகம் வைத்தார்கள். இது போதாது. அந்த ஊர் போலீஸ் நம்பர் வேண்டும், அதைத் தேட வேண்டும், தேடத் தெரியும் இப்போது, ஆனால் போனில் பேசும்போது குரல் நடுங்கினால் யார் நம்புவார்கள், பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும்.

கிரைண்டர் நின்றது. திடீரென்று வீடு முழுக்க அமைதி, காதுக்குள் மட்டும் இன்னும் சுற்றுகிற மாதிரி. "மாவு கொதிக்கு," என்றபடி அவர் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு வாசல்நிலையில் வந்து நின்றார். "நிறுத்திட்டேன். நீ ஞாபகத்துலயே இல்ல. ஹால் டிக்கெட் வந்துட்டா?"

"வந்துட்டு. இங்கன வாங்க. உக்காருங்க."

"என்னளா, மொகம் ஒரு மாதிரி இருக்கு."

"இதப் படிங்க."

அவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் படித்தார். உதடு அசைந்தது, கடைசி வரிக்கு வந்ததும் நின்றது. "இது அந்தப் பஞ்சுமிட்டாய்க்காரன் சமயத்துல வந்ததுலா. அதே மெசேஜ்தான். அப்பவே சொன்னேன், படிச்சவன்போல, நல்லா எழுதியிருக்கான்."

"எழுதியிருக்கான் இல்லங்க," என்றாள். "எழுதியிருக்கா."